மாமனாருக்கு மாட்டிய ஃபேன்

மாமனார் நடுரோட்டில் படுத்துக்கொண்ட நாளிலிருந்து அந்த வீட்டில் ஒருவர் தொண்டையிலும் சோறு நிம்மதியாக இறங்கவில்லை. மாமனார் என்றால் ஆள் இல்லை, கார். கறுப்பு நிறம், ஊர்ப்பட்ட நீளம், எங்கேயோ வெளிநாட்டில் பிறந்து நாலைந்து கை மாறி இவர்கள் வாசலுக்கு வந்து சேர்ந்த வண்டி. காலையில் கிளம்பச் சொன்னால் முனகும். தட்டிக்கொடுத்தால்தான் நகரும். மரியாதை கொஞ்சம் குறைந்தாலும் முறைத்துக்கொண்டு நின்றுவிடும். ‘அப்படியே எங்க மாமனார்தான்’ என்று வீட்டு மருமகள் வயரிங்காரி ஒருநாள் வாய்தவறிச் சொல்லப்போக, அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. நிஜ மாமனார் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகியிருந்ததால் கோபித்துக்கொள்ள அவர் இல்லை. அவர் பெற்ற மகள் இருந்தாள். அவள் எதற்குத்தான் கோபிக்கமாட்டாள் என்று யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை.

அந்தத் தெரு முழுக்கப் பட்டறைகள். விடிந்தால் தகரம் தட்டுகிற சத்தம், டயருக்குக் காற்றடிக்கிற சத்தம், கடன் கேட்டுப் போன ஸ்பேனரைத் திருப்பித் தராதவனைத் திட்டுகிற சத்தம். நடுவில் ஒரு மாடி வீடு. மேலே குடித்தனம், கீழே பட்டறை. பட்டறை அந்த மருமகளுடையது. ஹாரன் கத்தவில்லை என்பதிலிருந்து கம்ப்யூட்டர் செத்துவிட்டது என்பது வரைக்கும் வண்டியில் கரண்ட் சம்பந்தப்பட்ட எந்த வியாதியானாலும் அவளிடம்தான் வரும். அதனால் வயரிங்காரி. அவள் வீட்டுக்காரர் மாமனாரை ஓட்டுகிற டிரைவர். அவருடைய தம்பி பக்கத்துக் கொட்டகையில் வண்டிகளுக்குப் பெயிண்ட் அடிப்பவன், வாய் ஓயாதவன். அவருடைய அக்கா, அதாவது அந்தக் கோபக்கார மகள், மாடியில் இவர்களோடுதான் இருந்தாள். அவளுக்குக் கண்ணில் ஆபரேஷன் முடிந்திருந்தது. மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற பெரிய ஊரில் டாக்டர் மறுபடி பார்க்க நாள் கொடுத்திருந்தார்.

வண்டி படுத்தது சந்தைக்குப் போகிற அகலமான ரோட்டில். நல்ல ஓட்டத்தில் இருந்தது, சொல்லாமல் கொள்ளாமல் செத்துவிட்டது. அன்றைக்கு வீட்டுக்கு வந்து படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டார் வீட்டுக்காரர்.

“முன்னாடி இருக்கிற லைட்டெல்லாம் ஒரே சமயத்துல எரிஞ்சுது. ஸ்டியரிங்கு கல்லாயிடுச்சு. பிரேக்க மிதிக்கிறேன், மரக்கட்டைய மிதிக்கிற மாதிரி இருக்கு. ரெண்டு காலையும் தூக்கி வெச்சு அது மேல நின்னுட்டேன். குறுக்கால ஒரு தள்ளுவண்டிக்காரரு. இத்தனூண்டுல தப்பிச்சாரு. அவரு மூஞ்சி என் கண்ணுலயே நிக்குது.”

“அப்புறம்?” என்றாள் வயரிங்காரி.

“அப்புறம் என்ன. தள்ளி நிழல்ல நிறுத்துனோம். கொஞ்ச நேரம் கழிச்சுச் சாவியப் போட்டா, ஒண்ணுமே நடக்காத மாதிரி கிளம்பிடுச்சு.”

“மாமனாரு ஒரு குட்டித் தூக்கம் போட்டு எழுந்திருக்காரு,” என்றான் பெயிண்டர்.

ஆறினால் கிளம்புகிறது என்றால் சூட்டில் சாகிறது என்று அர்த்தம். அவள் பானெட்டைத் தூக்கினாள். இந்த ரக வண்டியில் என்ஜினுக்குப் பின்னால் ஒரு மூலையில் மூடி போட்ட பெட்டி ஒன்று இருக்கும். வண்டியின் கம்ப்யூட்டர்கள் எல்லாம் அதற்குள்தான். பக்கத்திலேயே என்ஜின் அடுப்பாக எரிவதால், பெட்டிக்குள் உள்ளங்கை அகலத்தில் ஒரு ஃபேன் வைத்திருப்பார்கள். முன்சீட்டுக்காரர் கால் வைக்கிற இடத்தில் ஒரு சல்லடை இருக்கும், அதன் வழியாக வண்டிக்குள் இருக்கிற காற்றை இழுத்து அந்தப் பெட்டிக்குள் ஊதும். மூடியைத் திறந்ததும் கருகிய வாடை வந்தது. தூசியும் காய்ந்த இலைத் துணுக்கும் அடைத்து, ஃபேன் அசையாமல் நின்றிருந்தது.

“இதுதான் மூச்சு விடுற ஃபேனு. இது நின்னா உள்ள வேகும். வெந்தா மூளை மயங்கும். மூளை மயங்குனா வண்டி விழுந்துடும். அவ்ளோதான் விஷயம்,” என்றாள்.

“மூளைக்குத் தனியா ஃபேனா! எனக்கும் ஒண்ணு மாட்டி விடுங்க அண்ணி.”

“மொதல்ல உள்ள மூளை இருக்கான்னு பாக்கணும் தம்பி.”

வீட்டுக்காரர் சிரிக்காமல் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். “மலையில எறங்கும்போது இப்படி ஆகியிருந்தா?” என்று கேட்டார். அந்த இறக்கத்தை அந்தத் தெருவில் தெரியாதவர்கள் கிடையாது. ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் ஒன்றுமில்லை.

அதற்குப் பிறகு அவர் மாறிப்போனார். தட்டில் போட்டதைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துகொள்வார். தூக்கத்தில் அவர் கால் விறைத்துக் கட்டிலின் சட்டத்தை மிதிக்கும். கேட்டால் “சூட்டு உடம்பு” என்பார். அவளும் நம்பினாள், அல்லது நம்புவது சௌகரியமாக இருந்தது.

சொல்லி வைத்திருந்த புது ஃபேன் சாமான் கடைக்கு வந்து சேர்ந்தது டாக்டரிடம் போக வேண்டிய அன்று காலையில்தான்.

“பஸ்ல போயிடலாமே அக்கா,” என்று சொல்லிப் பார்த்தாள் வயரிங்காரி.

“ஏன், தேர் மாதிரி காரை வாசல்ல நிறுத்தி வெச்சுக்கிட்டு நான் பஸ்ல தொங்கணுமா? கண்ணுல வேற மருந்து விட்டிருக்கு. எவன் முழங்கை எங்க இடிக்குமோ. உனக்குத்தான் ரிப்பேரு தெரியுமே, சட்டுபுட்டுன்னு மாட்டு,” என்றாள் நாத்தனார். லீவு நாள் ஆனதால் நானும் வருவேன் என்று குட்டி வேறு குதித்தாள். குட்டி அவர்களுடைய ஒரே மகள். அப்பா பக்கத்து சீட் என்றால் அவளுக்கு உயிர்.

வயரிங்காரிக்கு ஒரு பழக்கம் உண்டு. வண்டியிலிருந்து கழற்றிய பழைய சாமானை அழுக்கோடு யாரிடமும் காட்டமாட்டாள். தெருவில் மற்றவர்கள் எண்ணெய் சொட்டச் சொட்ட எடுத்துவந்து, ‘பாத்தீங்களா லட்சணத்த’ என்று வண்டிக்காரர் மூக்குக்கு நேராக நீட்டுவார்கள். அழுக்கைக் காட்டி மிரட்டுகிற வேலை அது என்பாள் அவள். ‘குளிக்காதவன் எல்லாம் நோயாளியா?’ என்பாள். பழையதை மருந்தடித்து, பல் விளக்குகிற பிரஷ்ஷால் தேய்த்து, துணியால் துடைத்துப் பளபளவென்று ஆக்கிப் புதுசுக்குப் பக்கத்தில் வைப்பாள். பழசு இடது கைப் பக்கம், புதுசு வலது கைப் பக்கம். அதற்கப்புறம்தான் வண்டிக்காரரைக் கூப்பிட்டு, தேய்மானம் இங்கே, விரிசல் இங்கே என்று காட்டுவாள். பிணத்தைக் குளிப்பாட்டுகிறாள் என்று தெருவில் கிண்டல் செய்வார்கள். செய்யட்டும். அவளிடம் ஒருதரம் வந்தவர்கள் வேறு பட்டறைக்குப் போனதில்லை.

அன்றும் பழைய ஃபேனைக் குளிப்பாட்டி, பெஞ்சின் மேல் துணி விரித்து, இடது பக்கம் வைத்தாள். புதுசை அட்டைப் பெட்டியிலிருந்து எடுத்து வலது பக்கம் வைத்தாள். இரண்டும் இரட்டைப் பிள்ளைகளாக உட்கார்ந்திருந்தன.

“அம்மா, சடை,” என்று சிவப்பு ரிப்பனோடு வந்து நின்றாள் குட்டி.

“இப்பவாடி? கையப் பாரு.”

“அத்தை சடையப் போட்டா தலையே கழண்டு வந்துடும்மா.”

சோப்புத்தூள் போட்டுக் கையைத் தேய்த்துக் கழுவிவிட்டு, வாசல்படியில் உட்கார்ந்து பின்னிவிட்டாள். அந்த இடைவேளையில் நாத்தனார் ரொட்டியும் அவித்த முட்டையும் வைத்த தட்டைக் கொண்டுவந்தாள். பெஞ்சில் இடமில்லை என்று முணுமுணுத்து, இருந்ததை ஒதுக்கித் தட்டை வைத்தாள். டிரைவர் தம்பிக்கு முட்டையை உரித்துக் கொடுத்தாள். தின்று முடித்ததும் தட்டை எடுத்துக்கொண்டு, ஒதுக்கியதைத் திரும்ப ஒழுங்காக வைத்துவிட்டும் போனாள். அவளுக்கு ஒழுங்கு முக்கியம்.

வயரிங்காரி திரும்பி வந்து வலது கைப் பக்கம் இருந்ததை எடுத்தாள். மாட்டினாள். ரப்பர் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று விரலை ஓட்டிப் பார்த்தாள். மூடியைப் போட்டு ஸ்க்ரூக்களை முறுக்கினாள். வீட்டுக்காரரை ஏறிச் சாவியைத் திருப்பச் சொல்லிவிட்டு, ஒரு பேப்பர் துண்டைக் கிழித்துக் குட்டியிடம் கொடுத்து, “கால்கிட்ட சல்லடை இருக்கு பாரு, அதுல வெய்யி,” என்றாள்.

“ஒட்டிக்கிச்சும்மா! கைய எடுத்தாலும் விழல!”

“அப்ப மாமனாரு மூச்சு விடுறாரு.”

வீட்டுக்காரர் இறங்கி வந்தார். “பழசைக் காட்டேன், பாக்குறேன்.”

“ஏறுடா வண்டியில! டாக்டரு எனக்காகக் காத்துக்கிட்டு உக்காந்திருப்பாரா?” என்று பின்சீட்டிலிருந்து கத்தினாள் அவர் அக்கா.

“நான் மாட்டுனது மேல நம்பிக்கை இல்லையா உங்களுக்கு? போயிட்டு வந்து ஆற அமரப் பாருங்க,” என்றாள் வயரிங்காரி. விளையாட்டாகத்தான் சொன்னாள். அவர் ஒரு கணம் நின்றார், சிரித்துவைத்தார், ஏறினார். தெருமுனையில் திரும்பும்போது குட்டி ஜன்னல் வழியே கையை ஆட்டினாள்.

வெயில் ஏறியது. வேறு ஒரு வண்டியின் விளக்கு வேலையை முடித்துவிட்டு, மீந்த சோற்றைத் தின்றுவிட்டு, பெஞ்சைச் சுத்தம் செய்ய வந்தாள் வயரிங்காரி. இடது பக்கம் இருந்ததைப் பழைய இரும்பு டிரம்மில் போடலாம் என்று எடுத்தாள். எடுத்த கை சும்மா இருக்குமா, பழக்க தோஷத்தில் ஒரு சுண்டு சுண்டியது.

அது சுற்றியது. சத்தமே இல்லாமல் சுற்றியது. நிற்கிற வழியாக இல்லை.

தேய்ந்த ஃபேன் அப்படிச் சுற்றாது. கரகரவென்று இரண்டு சுற்றுச் சுற்றி நொண்டி நின்றுவிடும். அவள் அதைத் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கம் அச்சுக்குப் பக்கத்தில் கம்பெனிக்காரன் வைத்த மஞ்சள் பொட்டு, புத்தம் புதுசாக இருந்தது.

ஐயோ, என்ன காரியம் பண்ணிவிட்டேன்! பழசையே மாட்டி அனுப்பிவிட்டேனே! காலையில் ஓடியதே, பேப்பர் ஒட்டியதே என்று ஒரு மனம் வாதாடியது. ஓடத்தான் ஓடும். குளிப்பாட்டி ஆறவைத்தால் எந்தப் பழசும் கொஞ்ச நேரம் ஓடும். சூடேறினால் அச்சு உப்பிப் பிடித்துக்கொள்ளும். மலையேறும்போதுதான் என்ஜின் சூடு உச்சத்துக்குப் போகும். உச்சிக்குப் போனதும் இறக்கம். சரியாக அந்த இறக்கத்தில்தான் மூளை மயங்கும். ஸ்டியரிங் கல்லாகும், பிரேக் மரக்கட்டையாகும். முன்சீட்டில் சிவப்பு ரிப்பன் கட்டிய குட்டி இருக்கிறாள்.

போனை எடுத்தாள். ஓட்டும்போது போனை அணைத்து வைப்பது வீட்டுக்காரருடைய கொள்கை. அணைத்துத்தான் வைத்திருந்தார். நாத்தனாருக்கு அடித்தாள். மாடியில், கட்டில் மேல் கிடந்து கத்தியது அது.

“தம்பீ!”

அவள் கூப்பிட்ட குரலில் எதிர்ச்சாரி டயர்க்கடைக்காரர்கூட எழுந்து வந்துவிட்டார். பெயிண்டர் முகமூடியோடு ஓடிவந்தான்.

“வண்டிய எடு. உன் வண்டிய எடு தம்பி. பழசை மாட்டிட்டேன். அவங்க மலையில போறாங்க. பழசை மாட்டிட்டேன்.”

அவனுக்கு முதலில் புரியவில்லை. அவள் கையில் இருந்த ஃபேனைப் பார்த்ததும் புரிந்தது. முகமூடியைப் பிய்த்துப் போட்டுவிட்டு பைக்கை உதைத்தான். அவள் ஸ்க்ரூ டிரைவர்களை ஒரு துணியில் சுருட்டி, ஃபேனைத் துண்டில் பொதிந்து நெஞ்சோடு பிடித்துக்கொண்டு பின்னால் ஏறினாள்.

அடுப்பைத் திறந்த மாதிரி காற்று அடித்தது. ஊரைத் தாண்டுகிற வரைக்கும் பெயிண்டர் பேசிக்கொண்டே வந்தான்.

“ஒண்ணும் ஆகாது அண்ணி. அண்ணன் மெதுவாத்தான் போவாரு. அவரு ஓட்டுனா ஆமை ஓவர்டேக் பண்ணும். பாருங்க, பாதி வழியில புடிச்சுடலாம்.”

“பேசாம ஓட்டு.”

“யாராவது பெஞ்சக் கலைச்சிருப்பாங்க அண்ணி. அக்காதான் தட்ட எடுத்துக்கிட்டுக் கீழ வந்துச்சு, நான் பாத்தேன். அதுதான்...”

“மாட்டுன கை யாரு கை தம்பி?”

அவள் துண்டுப் பொதியை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். காட்டேன் பார்க்கிறேன் என்றாரே. கேட்ட மனுஷனுக்கு ஒரு நிமிஷம் காட்டியிருந்தால்? ஊரில் உள்ள அத்தனை பேருக்கும் துடைத்துத் துடைத்துக் காட்டியவள், சொந்த வீட்டுக்காரருக்கு மட்டும் காட்டவில்லையே. சுண்டிக் காட்டுகிறபோதே தெரிந்திருக்குமே.

மலையடிவாரத்தில் பெட்ரோல் பங்க். பெட்ரோல் போடுகிற ஆளிடம் கேட்டான் பெயிண்டர்.

“கறுப்பு வண்டி, நீளமா இருக்குமே, அதானே? வந்துச்சு. பானெட்டத் தூக்கி வெச்சுக்கிட்டு ரொம்ப நேரம் நின்னாரு. தண்ணி வேணுமான்னு கேட்டேன், வேணாம்னுட்டாரு. அப்புறம் போயிட்டாரு.”

“எதுக்குத் தூக்குனாரு?”

“அவரைத்தான் கேக்கணும்.”

இங்கேயே பானெட்டைத் தூக்கினார் என்றால் இங்கேயே சூடேறிவிட்டது. “ஏறு தம்பி, ஏறு,” என்றாள். மலைப்பாதை வளைந்து வளைந்து போனது. ஒரு வளைவில் குடை விரித்து வாழைப்பழம் விற்கிற பெண் இருந்தாள்.

“இங்க நின்னுச்சே அந்த வண்டி,” என்றாள் அவள், பெயிண்டர் கேட்டதற்கு. “ஒரு ஆளு எறங்கி எதையோ தொட்டுத் தொட்டுப் பாத்தாரு. உள்ள கறுப்புக் கண்ணாடி போட்ட ஒரு அம்மா, அடேங்கப்பா, என்ன வாயி! இங்க வரைக்கும் கேட்டுச்சு.”

“அக்காதான்,” என்றான் பெயிண்டர். சிரிக்க முயன்று முடியாமல் போயிற்று அவனுக்கு.

ஒவ்வொரு வளைவிலும் அவள் ரோட்டோரக் கம்பித் தடுப்பையே பார்த்துக்கொண்டு வந்தாள். ஓரிடத்தில் தடுப்பு அறுந்து வெளிப்பக்கம் வளைந்திருந்தது. ரோட்டில் கறுப்பாக டயர்த் தடம்.

“நிறுத்து!”

வண்டி நிற்பதற்கு முன்பே குதித்துவிட்டாள். குதித்தவளால் நடக்க முடியவில்லை. பெயிண்டர் அவள் முழங்கையைப் பிடித்து ஓரம் வரை கூட்டிப் போனான். இரண்டு பேரும் கீழே பார்த்தார்கள். புல், பாறை, ஒரு பழைய தார் டிரம். அறுந்த கம்பியின் முனையில் துரு ஏறியிருந்தது. என்றைக்கோ எவனுக்கோ நடந்தது.

“பழசு அண்ணி. பழசு.”

“பழசுன்னு சொல்லாத!” என்று கத்திவிட்டாள். பிறகு, “கோவிச்சுக்காத தம்பி,” என்றாள்.

“கோவம் என்ன. நானும் பயத்துலதான் பேசிக்கிட்டே வரேன். வாய மூடுனா கை நடுங்குது அண்ணி, பைக்கு ஆடுது. அப்பா போனதுக்கப்புறம் என்னைப் படிக்க வெச்சது, சோறு போட்டது, அடிச்சது, எல்லாம் அண்ணன்தான்.” அவன் தோளில் முகத்தைத் துடைத்துக்கொண்டான். பெயிண்ட் தூசி கண்ணீரில் நீலமாக ஒழுகியது. “ஏறுங்க, போலாம்.”

உச்சியில் பாதை கொஞ்ச தூரம் சமமாக ஓடும். அப்புறம் தலைகுப்புற இறங்கும். சமதளம் முடிகிற இடத்தில், பாறை ஓரமாக ஒதுங்கி, வாயைத் திறந்தபடி நின்றுகொண்டிருந்தது மாமனார்.

குட்டி ஒரு கல்லின் மேல் உட்கார்ந்து வாழைப்பழம் தின்றுகொண்டிருந்தாள். அம்மாவைப் பார்த்ததும் எழுந்தாள். வயரிங்காரி ஓடிப்போய் அவளைப் பிடித்துத் தலை, தோள், கை என்று தடவிப் பார்த்தாள். “என்னம்மா, விடும்மா, பழம் நசுங்குது,” என்றாள் குட்டி.

“வந்துட்டியா! நல்லவேளை!” வண்டிக்குள்ளிருந்து நாத்தனாரின் குரல் பாய்ந்தது. “நீயே கேளு உன் புருஷன! வளைவுக்கு வளைவு எறங்கி அந்தப் பெட்டியத் தடவுறான். ஏறத் தெரிஞ்சவனுக்கு இப்ப எறங்கத் தெரியலையாம். இங்க வந்து நிறுத்திட்டு, என்னால முடியாதுங்கிறான். ஆம்பளையா இவன்? பயந்தாங்கொள்ளி! என் கண்ணு அவிஞ்சாலும் பரவாயில்ல, இவனுக்குத் தொடை நடுங்குது!”

வீட்டுக்காரர் பானெட்டுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தார். பிடிபட்டவர் போலத் தலையைக் குனிந்துகொண்டார்.

“நீ எப்படி வந்த? ஒண்ணுமில்ல, சும்மா, கொஞ்சம் சூடா இருந்துச்சு. ஆறட்டும்னு...”

“எவ்ளோ சூடு?”

அவர் உள்ளங்கையை விரித்தார். சிவந்து கன்றியிருந்தது. எத்தனை தடவை அந்த மூடியைத் தொட்டிருப்பார்!

“அப்பா அழுதாரும்மா,” என்றாள் குட்டி மெதுவாக. “எறக்கத்தப் பாத்துக்கிட்டே ஸ்டியரிங்க விடவே இல்ல.”

“சும்மா இரு குட்டி.” அவர் மனைவியின் முகத்தைப் பார்க்காமல் பேசினார். “உன் வேலையில சந்தேகப்பட்டு நிறுத்தல. சத்தியமா இல்ல. நீ மாட்டுனா மாட்டுனதுதான், எனக்குத் தெரியாதா? எனக்குத்தான் அன்னிலேருந்து கால் நிக்க மாட்டேங்குது. பிரேக்குல வெச்சா நடுங்குது. கொஞ்சம் சூடானாக்கூட அந்தத் தள்ளுவண்டிக்காரரு மூஞ்சி வந்துடுது. உன்கிட்ட சொல்ல வெக்கமா இருந்துச்சு. நீ தப்பா எடுத்துக்காத.”

மனுஷன் அவளிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார். துண்டுப் பொதி அவள் நெஞ்சில் இருந்தது. சரி, தள்ளுங்க, பாக்குறேன் என்று சொல்லிவிட்டு மூடியைக் கழற்றி, அவர் அந்தப் பக்கம் திரும்பும்போது மாற்றிவிடலாம். பெயிண்டர் வாயைத் திறக்கமாட்டான். யாருக்கும் தெரியப்போவதில்லை. அவர் மட்டும் காலத்துக்கும் பயந்தாங்கொள்ளியாக இருந்துவிட்டுப் போவார். சே, என்ன நினைப்பு இது என்று தன்னையே காறித் துப்ப வேண்டும்போல் இருந்தது.

அவள் துண்டைப் பிரித்தாள்.

“இதுதான் புதுசு. நான் பழசையே மாட்டிட்டேன்.”

பிறகு வண்டிப் பக்கம் திரும்பினாள்.

“அக்கா, நீங்களும் கேட்டுக்குங்க. இவரைப் பயந்தாங்கொள்ளின்னு இனிமே யாரும் சொல்லக் கூடாது. இவரு பயந்ததாலதான் நீங்க உக்காந்து திட்டிக்கிட்டு இருக்கீங்க. தைரியசாலியா இருந்திருந்தா என் புள்ள...”

கதவு திறந்தது. நாத்தனார் தடவித் தடவி இறங்கி வந்து நின்றாள். “காலையில அந்தத் தட்ட... நான்தான் அதையெல்லாம் எடுத்து வெச்சேன்,” என்றாள். அவளுக்கு அப்படி ஒரு சின்னக் குரல் இருப்பது அன்றைக்குத்தான் எல்லோருக்கும் தெரிந்தது.

“விடுங்கக்கா.”

வீட்டுக்காரர் புது ஃபேனைக் கையில் வாங்கிச் சுண்டினார். அது சுற்றுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நின்ற பிறகு சொன்னார்: “காலையில காட்டுன்னு கேட்டேன்ல?”

அவ்வளவுதான் சொன்னார். அவர் அறைந்திருந்தால்கூட அவளுக்கு அவ்வளவு வலித்திருக்காது. அங்கேயே, ரோட்டோரத்தில், குமுறிக் குமுறி அழுதாள். அவர் அழ விட்டார். அப்புறம் கன்றிய கையால் அவள் முதுகில் ஒரு தட்டுத் தட்டி, “சரி, மாட்டு,” என்றார்.

பெட்டி ஆறுகிற வரை காத்திருந்தார்கள். மூடியைக் கழற்றினாள். பழைய ஃபேனை வெளியே எடுத்து விரலால் தள்ளினாள், அசையவில்லை. துண்டைப் பாறையின் மேல் விரித்தாள். பழசை இடது பக்கம் வைத்தாள், புதுசை வலது பக்கம் வைத்தாள். “பாருங்க,” என்றாள். அவர் குனிந்து நிதானமாகப் பார்த்தார். குட்டி பார்த்தாள். நாத்தனாரும் கறுப்புக் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, “எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியுது,” என்றாள். பெயிண்டர் மட்டும் சிரித்தான்.

மாட்டி முடித்தாள். ஸ்க்ரூக்களை முறுக்கினாள், முறுக்கியதையே மறுபடி முறுக்கினாள். வீட்டுக்காரர் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு இறக்கத்தைப் பார்த்து நின்றார்.

“நான் ஓட்டட்டுமா அண்ணே?” என்றான் பெயிண்டர்.

“நீ பைக்குல முன்னாடி போ. வளைவுல யாராவது வந்தா ஹாரன் அடி.” அவர் மனைவியிடம் திரும்பினார். “நீ முன்னாடி உக்காரு.”

குட்டி பின்னால் அத்தையிடம் போனாள். போவதற்கு முன்னால் சடையிலிருந்து ரிப்பனை உருவி அம்மாவிடம் கொடுத்தாள். வண்டி கிளம்பியதும் வயரிங்காரி குனிந்து ரிப்பனைச் சல்லடையில் வைத்தாள். அது நுனி படபடக்க ஒட்டிக்கொண்டது.

“காலையிலயும் ஒட்டுச்சேம்மா,” என்றாள் குட்டி.

வண்டி இறங்கத் தொடங்கியது. முன்னால் பைக்கின் ஹாரன் கேட்டது. முதல் வளைவில் அவர் தோள்கள் காதுவரை ஏறியிருந்தன. பிரேக்கில் இருந்த கால் நடுங்குவது அவளுக்குத் தெரிந்தது.

“இருக்கா?” என்றார், ரோட்டைப் பார்த்தபடி.

“இருக்கு.”

அடுத்த வளைவு. எதிரே ஒரு லாரி மூச்சு முட்ட ஏறிவந்தது. அது உரசிக்கொண்டு கடந்து போகிற வரை நாத்தனார் குட்டியின் கையை நசுக்கிப் பிடித்திருந்தாள்.

“இருக்கா?”

“இருக்கு. நல்லா இருக்கு.”

இப்படியே கேட்டுக்கொண்டும் சொல்லிக்கொண்டும் இறங்கினார்கள். ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் ஒன்றுமில்லை. அவள் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. ரிப்பன் ஒரு தரம் தளர்ந்த மாதிரி இருந்தது, அவள் மூச்சை நிறுத்திக்கொண்டாள், மறுபடி ஒட்டியது. என்றைக்குமே அவள் கை செய்த வேலையை அவள் இப்படிக் கண் கொட்டாமல் காவல் காத்தது கிடையாது. கீழே ஊரின் கூரைகள் தெரிய ஆரம்பித்தபோது அவர் தோள்கள் கொஞ்சம் இறங்கியிருந்தன. ஒரு கையால் நெற்றி வியர்வையைக்கூடத் துடைத்துக்கொண்டார். ஒரு வளைவு வந்தது, போனது. அவர் ஒன்றும் கேட்கவில்லை.

“இருக்கு,” என்றாள் அவள்.

“நான் கேக்கலையே.”

“எனக்குச் சொல்லிக்கிட்டேன்,” என்றாள், ரிப்பனிலிருந்து கண்ணை எடுக்காமல்.